பாரிசை வெட்டினன், லண்டனை வெட்டினன்

இந்த வீட்டிலை ஆரின்ரை சொல் நடக்குது எண்டு ஒருக்காலாவது காட்டிப்போட வேணும் எண்டு முடிவெடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியக்காலமை அலுமாரிக்கு மேலை கிடந்த உலகப் படத்தை இறக்கித் தூசி தட்டினன். தூசி முழுக்க என்ரை மூக்குக்குள்ளை போட்டுது. மூச்சு விடாமல் தும்மினன்.

குசினிக்குள்ளை இருந்து மனிசி கேட்டா, "என்னப்பா, தடிமனோ?"

"தடிமன் இல்லை. திட்டம்!" எண்டன்.

என்னைத் தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். பேர் பஞ்சலிங்கம். ஊர் இணுவில். பஸ் டிப்போவிலை ரைம் கீப்பரா இருந்து போன வருசம் பென்சன் எடுத்தனான். யாழ்ப்பாணத்திலை எந்த பஸ் எத்தினை மணிக்கு எந்தச் சந்தியிலை நிக்க வேணும் எண்டு என்னை நித்திரையாலை எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன். பஸ் அந்த நேரத்துக்கு அங்கை நிக்காது. அது டிறைவரின்ரை பிழை. என்ரை கணக்குச் சரி.

இப்ப விசயத்துக்கு வாறன். மகள் நிரோஜா ரொறன்ரோவிலை இருக்கிறாள். கலியாணம் முடிச்சுக் கன காலத்துக்குப் பிறகு இப்பதான் முழுகாமல் இருக்கிறாள். ஆனி மாதக் கடைசியிலை பிள்ளை பிறக்குமாம். மருமகன் கீர்த்திகன் எங்கள் ரெண்டு பேருக்கும் கனடா விசா எடுத்துத் தந்திட்டார். ரிக்கற் போட வேண்டியதுதான் மிச்சம். மனிசி செல்வநாயகிக்கு உந்தப் பயணத்திலை ஒரே ஒரு ஆசை. பிள்ளை பிறக்க முதல் போய்ச் சேர வேணும், மகளுக்குப் பக்கத்திலை நிக்க வேணும், பெத்த உடம்புக்குச் சரக்குக்கறி காய்ச்சிக் குடுக்க வேணும். சரக்குத்தூள் இடிச்சு, உறைக்கு மேலை உறை போட்டுக் கட்டி ஆயத்தமா வைச்சிட்டா. அந்த மணத்துக்கு அலுமாரியிலை இருந்த என்ரை வேட்டிகூட பிள்ளை பெத்த ஆள் மாதிரி மணத்துது.

என்ரை ஆசை வேறை. பாரிசிலை என்ரை அண்ணை பொன்னம்பலம் இருக்கிறார். லண்டனிலை தங்கச்சி சிவகௌரி. ரெண்டு பேரும் வருசா வருசம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து எங்கடை வீட்டிலைதான் தங்கிறவை. திருவிழா முடியிற மட்டும் மரக்கறி. முடிஞ்ச அடுத்த நாளே நண்டு, றால், கணவாய். தின்னுற நேரம் எல்லாம், "பாரிசுக்கு வந்து பார் தம்பி", "லண்டனுக்கு வந்து பாருங்கோ சின்னண்ணை" எண்டு சொல்லிச் சொல்லித் தின்னுறவை. அந்த நண்டை எல்லாம் நான் எப்ப திருப்பித் தின்னுறது? பிரான்சுக்கும் லண்டனுக்கும் அலைஞ்சு திரிஞ்சு விசா எடுத்தது பின்னை என்னத்துக்கு?

உலகப் படத்தை மேசையிலை விரிச்சன்.

"இஞ்சை வாரும். இதைப் பாரும். பலாலியிலை ஏறுறம். சென்னை. சென்னையிலை இருந்து பாரிஸ். பாரிசிலை ஒரு மாதம் அண்ணை வீடு. பேந்து லண்டன். அங்கை ஒரு மாதம் தங்கச்சி வீடு. பேந்து ரொறன்ரோ. எல்லாம் ஒரே ரிக்கற். எப்பிடி?"

செல்வநாயகி கையைத் துடைச்சுக்கொண்டு வந்து பாத்தா.

"அப்ப ரொறன்ரோவுக்கு எப்ப போய்ச் சேருவம்?"

"ஆடி நடுவிலை."

"பிள்ளை ஆனியிலையப்பா."

"அதைத்தானே நானும் சொல்லுறன். பிறந்தாப் பிறகு போனால்தானே பிள்ளையைப் பாக்கலாம்? பிறக்க முதல் போய் என்னத்தைப் பாக்கிறது?"

"பெறப் போறவளைப் பாக்கிறது."

"அவளை நாங்கள் பிறந்த நாள் தொடக்கம் பாத்துக்கொண்டுதானே இருக்கிறம்!"

மனிசி என்னை ஒரு பார்வை பாத்தா. அந்தப் பார்வைக்குப் பிறகு வீட்டிலை ஒரு கிழமை சொதி தேங்காய்ப்பால் காணாமல் தண்ணியாத்தான் வந்தது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும், "நேரை ரொறன்ரோ போவமப்பா" எண்டு ஒரு கெஞ்சல். ஒவ்வொரு கெஞ்சலுக்கும் நான், "திட்டம் திட்டம்தான்" எண்டன். ஒருநாள், "தலைச்சன் பிள்ளையப்பா, அவள் பயந்துபோய்க் கிடக்கிறாள்" எண்டு கண் கலங்கினா. நானும் இளகத்தான் பாத்தன். ஆனால் நண்டு ஞாபகம் வந்திட்டுது.

சுன்னாகத்திலை கஜானி எண்டொரு பிள்ளை ரிக்கற் போடுற கடை வைச்சிருக்கிறாள். உலகப் படத்தைச் சுருட்டிக் கக்கத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு அங்கை போனன்.

"பிள்ளை, சென்னையிலை இறங்கி மற்றப் பிளேன் ஏற எவ்வளவு நேரம் விட்டிருக்கிறாய்?"

"அஞ்சு மணித்தியாலம் அங்கிள்."

"அஞ்சு மணித்தியாலமோ! பிள்ளை, நான் ஒரு பஸ் சனத்தை இறக்கி மற்றப் பஸ்ஸிலை ஏத்தி, ஒரு தேத்தண்ணியும் குடிச்சுப்போட்டு விசில் ஊதினவன். அரை மணித்தியாலம் காணும்."

"பெட்டி எடுக்க வேணும், குடிவரவிலை நிக்க வேணும் அங்கிள்."

"நான் கையைக் காட்டினால் நிப்பாட்டுவாங்கள்."

"பஸ்தான் நிக்கும் அங்கிள்."

வாய்க்காரப் பிள்ளை. இருந்தாலும் கெட்டிக்காரி. நாலு பிளேனையும் வரிசையாக் கோத்து, "யோசிச்சுச் சொல்லுங்கோ, கொஞ்ச நாளைக்குப் பிடிச்சு வைக்கிறன்" எண்டாள். நான் மார்பை நிமித்திக்கொண்டு வீட்டை வந்தன்.

வந்து பாத்தால் மனிசியின்ரை முகத்திலை சிரிப்பு. சொதியும் தடிப்பா இருந்தது.

"நான் யோசிச்சனானப்பா. நீங்கள் சொல்லுறதுதான் சரி. பாரிசிலை ஒரு மாதம் காணாது. கூட நிப்பம்."

"பாத்தீரே! இப்பவாவது விளங்கிச்சுதே."

"செல்வரட்ணம் மச்சானும் அங்கைதானே. கண்டு எவ்வளவு காலம்."

எனக்குச் சோறு இறங்கேல்லை.

"ஆர்?" எண்டன். நல்லாத்தான் கேட்டது. இருந்தாலும் கேட்டன்.

"செல்வரட்ணம் மச்சான்."

எங்கடை வளவுக்குள்ளை அந்தப் பேர் கேட்டு ஒரு தலைமுறை. கலியாணம் முடிஞ்ச கிழமையே நான் சட்டம் போட்டனான், உந்தப் பேரை இந்த வீட்டிலை ஒருத்தரும் எடுக்கப்படாது எண்டு. மனிசியும் அண்டைக்கே ஓமெண்டவ. இப்ப பேரோடை ஆளும் வந்து எனக்கு முன்னாலை கதிரையைப் போட்டு இருந்த மாதிரிக் கிடந்தது.

உங்களுக்குச் சொல்லுறதுக்கென்ன. செல்வரட்ணம் இவவின்ரை மாமன்ரை மகன். முறை மச்சான். சின்னனிலை இருந்தே இவ அவனுக்கெண்டு ரெண்டு வீட்டிலையும் பேசி வைச்சிருந்தவை. பேரைப் பாருங்கோ. செல்வநாயகி, செல்வரட்ணம். கலியாணக் கார்ட்டிலை அச்சடிச்சால் ஆரோ அளந்து சோடி சேத்த மாதிரி இருக்கும். அதுக்குப் பக்கத்திலை பஞ்சலிங்கத்தை வைச்சுப் பாருங்கோ. சீற் கிடைக்காமல் கம்பியிலை தொங்கிற ஆள் மாதிரி இருக்குது. கடைசி நேரத்திலை சாதகம் பொருந்தேல்லை எண்டு சாத்திரியார் கையை விரிச்சிட்டார். எனக்குப் பொருந்திச்சுது. அந்தச் சாத்திரியார் செத்த அண்டைக்கு நான் சுடலை வரைக்கும் அழுதுகொண்டு போனனான்.

அவன் வெளிநாடு போயிட்டான். போனவன் அங்கை ஒருத்தியைக் கட்டியிருந்தால் எனக்கு நிம்மதி. கட்டேல்லை. இண்டை வரைக்கும் கட்டேல்லை! ஏன் கட்டேல்லை? பொம்பிளை கிடைக்கேல்லையோ? சீதனம் காணாதோ? ஊர் எத்தினையோ சொல்லும். எனக்குத் தெரிஞ்ச காரணம் என்ரை குசினியிலை நிண்டு பயித்தங்காய் முறிச்சுக்கொண்டிருந்தது.

பொறாமைப்படுறதிலையும் எனக்கொரு வில்லங்கம். மனிசியின்ரை முறை மச்சான் எனக்கு என்ன முறை? அண்ணை முறை! என்ரை மகளுக்குப் பெரியப்பா! எங்கடை சனத்துக்கு முறை வகுத்தவன் பொறாமைக்காரனை நினைச்சே பாக்கேல்லை. எதிரியை "அண்ணை, வாங்கோ, இருங்கோ" எண்டு சொல்லித்தான் எரிய வேண்டியிருக்குது.

"அவர் பாரிசிலையோ இருக்கிறார்?" எண்டன், சும்மா கேக்கிற மாதிரி.

"பின்னை? உங்கடை அண்ணை வீட்டிலை இருந்து நடக்கிற தூரமாம். பின்னேரங்களிலை வந்து கூட்டிக்கொண்டு போய் ஊர் காட்டுறாராம்."

"ஆரை?"

"எங்களைத்தான்."

"'எங்களை' எண்டு சொன்னவரோ, 'உன்னை' எண்டு சொன்னவரோ?"

மனிசி பயித்தங்காயைப் பாத்துக்கொண்டே சொன்னா, "'நாயகியைக் கூட்டிக்கொண்டு போறன்' எண்டவர். உங்களுக்கு முழங்கால் நோவெல்லே. நீங்கள் அண்ணையோடை இருந்து ரீவி பாக்கலாம்தானே."

நாயகி! நான் இவ்வளவு காலமும் "இஞ்சாரும்" எண்டு கூப்பிடுற மனிசியை அவன் நாயகி எண்டுறான்! அண்டு பின்னேரம் கண்ணாடிக்கு முன்னாலை போய் நிண்டன். வயிறு எனக்கு முன்னுக்கு வந்து நிண்டுது. மீசைக்கு மை அடிச்சன். மை சொண்டிலையும் பட்டு, பனங்காய் சூப்பின பெடியன் மாதிரி நிண்டன். அறைக்குள்ளை மனிசி மாம்பழ நிறச் சேலையைத் தோளிலை போட்டுப் பாத்துக்கொண்டு நிக்கிறா. பாட்டும் முணுமுணுக்கிறா. எனக்காக அந்தச் சேலையை ஒருநாளும் தோளிலை போட்டுப் பாக்கேல்லை. பாரிசை வெட்டிறது எண்டு அந்த இடத்திலையே முடிவெடுத்தன்.

ஆனால் காரணம் வேணுமே. "உன்ரை மச்சானிலை எனக்குப் பொறாமை" எண்டு சொல்ல நான் என்ன விசரனோ? யோசிச்சு யோசிச்சுக் கடைசியிலை சூலத்தைப் பிடிச்சன். எங்கடை சனம் பயணம் வெளிக்கிட முதல் சூலம் பாக்கும். கிழமையிலை ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு திசை கூடாது. அந்த நாளிலை அந்தத் திசைக்கு வெளிக்கிட்டால் போன காரியம் சரிவராது எண்டு நம்பிக்கை. செல்வநாயகி சந்தைக்கு வெங்காயம் வாங்கப் போறதெண்டாலும் சூலம் பாக்கிற ஆள். எனக்கு உது ஒண்டும் தெரியாது. சூலம் பாத்திருந்தால் எங்கடை டிப்போவிலை இருந்து ஒரு பஸ்ஸும் வெளிக்கிட்டிராது.

அடுத்த நாள் கஜானியிட்டைப் போய், "பிள்ளை, பாரிசை எடு" எண்டன். அவள் எடுத்தாள். வீட்டை வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தன்.

"என்னப்பா?"

"பாரிஸ் சரிவராது போலை கிடக்கு. பிளேன் செவ்வாய்க்கிழமைதானாம். செவ்வாய் மேற்குச் சூலம். பாரிஸ் மேற்கு."

கறி அரிஞ்சுகொண்டிருந்த மனிசி அரிவாளை வைச்சிட்டு நிமிந்தா.

"செவ்வாய்க்கிழமை மேற்குச் சூலமோ?"

"ஓம்."

"வடிவாத் தெரியுமோ?"

"பஞ்சாங்கத்திலை என்ரை கண்ணாலை கண்டனான்."

"நல்லகாலம் நீங்கள் பாத்தியள். வேறை நாளிலை பிளேன் இல்லையோ?"

"இல்லவே இல்லை."

"அப்ப விடுங்கோ. சூலத்துக்கு எதிராப் போய், பிள்ளைத்தாச்சிப் பொம்பிளைக்கு ஒண்டெண்டால் ஆர் பதில் சொல்லுறது?"

இவ்வளவுதான்! நான் ஒரு சண்டைக்கு ஆயத்தமாப் போனனான், சண்டை வரேல்லை. அண்ணைக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னன். மனிசன் என்னை விட்டுக் கிழிச்சார். "உனக்கெண்டு நண்டுக்குச் சொல்லி வைச்சிருக்கிறனடா!" எண்டார். எனக்கு நாக்கிலை தண்ணி. கண்ணிலையும் தண்ணி. செல்வரட்ணம் உண்மையா எந்த றோட்டிலை இருக்கிறான் எண்டு அண்ணையிட்டைக் கேட்டால் என்ன எண்டும் ஒரு யோசினை வந்தது. கேட்டால் நான் எரியிறது அண்ணைக்கும் தெரிஞ்சுபோம். அவருக்குத் தெரிஞ்சால் பாரிஸ் முழுக்கத் தெரியும். வாயைப் பொத்திக்கொண்டன்.

பறவாயில்லை, லண்டனிலை தங்கச்சி நண்டு காய்ச்சுவாள் எண்டு மனதைத் தேத்திக்கொண்டு ரெண்டொரு நாள் நிம்மதியா இருந்தன். ஒரு பின்னேரம் கிணத்தடியிலை கால் கழுவிக்கொண்டு நிக்க மனிசி ஓடி வந்தா.

"இஞ்சாருங்கோ, ஒரு நல்ல செய்தி! மச்சான் லண்டனுக்கு வாறாராம்!"

வாளி கையை விட்டுப் போட்டுது.

"லண்டனுக்கோ? கடலெல்லே கிடக்கு!"

"கடலுக்குக் கீழாலை றெயின் ஓடுதாம். காலமை ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடலாமாம்."

"எத்தினை நாளைக்கு?"

"நாங்கள் நிக்கிற மட்டும். லீவு எடுத்திட்டாராம். 'நாயகி, உன்னைக் காணாமல் விடமாட்டன்' எண்டு ஒரே பிடி."

"தங்கச்சி வீட்டிலை இடம் காணாது."

"மேலறை சும்மாதானே கிடக்குது. உங்களுக்கு முழங்காலாலை மேலை ஏறேலாது. நீங்கள் கீழை படுங்கோ."

நான் கிணத்துக் கட்டிலை இருந்திட்டன். யோசிச்சுப் பாருங்கோ. என்ரை மனிசியைக் காண ஒருத்தன் கடலுக்குக் கீழாலை வாறான்! நான் இவவைப் பொம்பிளை பாக்க நீர்வேலிக்குச் சைக்கிளிலை போனனான். அதுவும் கோப்பாய்ச் சந்தியிலை காத்துப் போய், மிச்சத் தூரம் தள்ளிக்கொண்டு போனனான். வேர்வையிலை நனைஞ்சு போய்க் கதிரையிலை இருந்த என்னைப் பாத்து மாமி, "தம்பி, மழையே?" எண்டு கேட்டவ. அவனெண்டால் கடலுக்குக் கீழாலை வந்தும் நனையமாட்டான்.

அண்டைக்கே சுன்னாகத்துக்கு ஓடினன்.

"பிள்ளை, லண்டனையும் வெட்டு."

"லண்டனுமோ? அப்ப நேரை ரொறன்ரோதான் மிச்சம் அங்கிள்."

"நேரை போடு. எங்கையும் இறங்கப்படாது."

"சென்னையிலையும் அரபு நாட்டிலையும் பிளேன் மாற வேணும்."

"மாறலாம். வெளியிலை கால் வைக்கப்படாது."

"எப்ப போகப் போறியள்?"

"எவ்வளவு கெதியா ஏலுமோ, அவ்வளவு கெதியா." அவன் கனடாவுக்கு ஒரு ரிக்கற் போட முதல் நாங்கள் போய்க் கதவைப் பூட்டிப்போட வேணும் எண்டு எனக்கு அவதி.

"வைகாசி நடுவிலை ஒரு வியாழக்கிழமை இருக்குது அங்கிள். திரும்பி வாறது?"

"பாரிசிலை வெட்டின மாதம், லண்டனிலை வெட்டின மாதம், எல்லாத்தையும் ரொறன்ரோவோடை சேர். அஞ்சு மாதம் போடு."

"மாத்தக்கூடிய ரிக்கற்றோ, மாத்தேலாததோ?"

நான் ரைம் கீப்பர். ஓட்டை எங்கை கிடக்கும் எண்டு எனக்குத் தெரியும். நான் அங்காலை போக மனிசி வந்து, "பிள்ளை, அதிலை ஒரு பாரிசைச் செருகிவிடு" எண்டால்?

"மாத்தேலாதது. நல்லூரான், அந்த முருகனே நேரை வந்து கேட்டாலும் மாத்தப்படாது."

கஜானி தலையைக் குனிஞ்சுகொண்டு தட்டினாள். ஏனோ அவளுக்குச் சிரிப்பு வந்தது. வேலை முடிஞ்ச சந்தோசமாக்கும் எண்டு நினைச்சன்.

வீட்டை வந்து ரிக்கற்றை மேசையிலை வைச்சன்.

"லண்டனும் சரிவரேல்லை. அந்தப் பிளேனும் செவ்வாய்க்கிழமைதான்."

"அதுவும் செவ்வாயோ?"

"செவ்வாய் எங்களுக்குச் சரியில்லையப்பா. அதாலை நேரை ரொறன்ரோ. வைகாசியிலையே போறம்."

மனிசி ரிக்கற்றை எடுத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சு, திகதியை விரலாலை தடவிப் பாத்தா. "அப்ப பிள்ளை பிறக்கேக்கை நான் பக்கத்திலை நிப்பன்" எண்டா. கண் நிறைஞ்சு வழிஞ்சுது. உண்மையாச் சொல்லுறன், எனக்கும் சந்தோசம்தான். பாவம், உதைத்தானே முதல் நாளிலை இருந்து கேட்டவ. ஆனால் அதிலை பாதி, செல்வரட்ணத்தை ரெண்டு நாட்டிலை வைச்சு வெண்ட சந்தோசம்.

சும்மா இருந்திருக்கலாம். என்ரை வாய் இருக்கே.

"உம்மடை மச்சானுக்குச் சொல்லும். எடுத்த லீவுக்கு வீட்டிலை இருந்து நல்லா நித்திரை கொள்ளட்டாம்."

"ஆருக்கு?" எண்டா மனிசி, கண்ணைத் துடைச்சுக்கொண்டு. பதில் சொல்ல முதல் போன் அடிச்சுது. மகள். முகம் பாத்துக் கதைக்கிற கோல்.

"அப்பா! நேரை வாறியளாமே! அம்மா நேற்றே சொன்னவ, இண்டைக்கு அப்பா ரிக்கற்றோடை வருவார் எண்டு."

"நேற்றேயோ? நான் இண்டைக்குத்தானே பிள்ளை முடிவெடுத்தனான்?"

"அது எனக்குத் தெரியாதப்பா. எயர்போட்டுக்குப் பெரியப்பா கார் கொண்டு வாறார். கீர்த்திகனுக்கு அண்டைக்கு வேலை."

"எந்தப் பெரியப்பா? அண்ணை பாரிசிலையெல்லோ?"

"அந்தப் பெரியப்பா இல்லையப்பா. செல்வரட்ணம் பெரியப்பா. எங்கடை வீட்டுக்காரர்."

எனக்குக் காதுக்குள்ளை வண்டு பறந்தது.

"வீட்டுக்காரரோ?"

"ஓமப்பா. அவரின்ரை வீட்டுக் கீழ்த்தட்டிலை, பேஸ்மன்ற்றிலைதானே நாங்கள் இருக்கிறம். உங்களுக்கெண்டு தன்ரை அறைக்குப் பக்கத்து அறைக்குப் பெயின்ற் அடிச்சு, புதுக் கட்டிலும் வாங்கிப் போட்டிட்டார். நல்ல மனுசன் அப்பா. பிறக்கிற பிள்ளை இப்பவே வயித்துக்குள்ளை அவரின்ரை குரலைக் கேட்டால் உதைக்குது."

போனை மனிசியிட்டைக் குடுத்திட்டுக் கதிரையிலை இருந்தன். தாயும் மகளும் கதைச்சு முடிச்சினம். போனை வைச்ச உடனை பிடிச்சன்.

"பாரிஸ் எண்டீர்?"

"எண்டனான்."

"லண்டனுக்கு றெயினிலை வாறார் எண்டீர்?"

"எண்டனான்."

"எல்லாம் பொய்யோ!"

"பொய்தான். செவ்வாய்க்கிழமை மேற்குச் சூலமோ?"

நான் உலகப் படத்தைப் பாத்தன்.

"செவ்வாயும் புதனும் வடக்குச் சூலம். வெள்ளியும் ஞாயிறும்தான் மேற்கு. ஒரு பொய் சொல்லுறதெண்டாலும் பஞ்சாங்கத்தைப் பாத்துச் சொல்லப்படாதோ? சரி, மனுசன் எரிஞ்சுபோய் நிக்கிறார், பாவம் எண்டு பேசாமல் விட்டனான். நேரை போவம் எண்டு நான் கேட்ட நேரம் எல்லாம் மாட்டன் எண்டியள். மச்சான் எண்ட உடனை ரெண்டு தரம் சுன்னாகத்துக்கு ஓடினியள். பேந்து நான் வேறை என்ன செய்யிறது?"

"அவர் ரொறன்ரோவிலை இருக்கிறார் எண்டு ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீங்கள்தானே அவரின்ரை பேரை எடுக்கப்படாது எண்டனியள். மகளுக்கும் அதையே சொல்லித்தான் வளத்தனான். ரிக்கற் கைக்கு வந்தாப் பிறகு பேரைச் சொல்லலாம் எண்டு நேற்றுத்தான் அவளுக்குச் சொன்னனான்."

நான் போனை எடுத்தன். கஜானி முதல் மணி அடிக்கவே எடுத்தாள், எனக்காகக் காத்திருந்த மாதிரி.

"பிள்ளை, அந்த ரிக்கற்..."

"மாத்தேலாது அங்கிள்."

"காசு போனால் போகட்டும், அந்த அஞ்சு மாதத்தை ஒரு கிழமையாக் குறைக்க..."

"நல்லூரான் வந்தாலும் ஏலாது அங்கிள்" எண்டாள். பின்னாலை ஆரோ சிரிக்கிற சத்தமும் கேட்டது.

போனை வைச்சன். அஞ்சு மாதம்! பாரிசை வெட்டி, லண்டனை வெட்டி, வெட்டின நாள் எல்லாத்தையும் நானே என்ரை கையாலை கூட்டிப் பெருக்கி அவன்ரை வீட்டிலை கொண்டுபோய்ச் சேத்திருக்கிறன். அதுவும் பக்கத்து அறை. பிறக்கப் போற பேரப்பிள்ளை அவனைத்தான் முதல் தாத்தா எண்டு கூப்பிடும். எனக்கு எல்லாம் கேட்டுப்போட வேணும் போலை கிடந்தது.

"ஒண்டு மட்டும் சொல்லும். அவர் ஏன் இண்டை வரைக்கும் கலியாணம் கட்டேல்லை?"

செல்வநாயகி பெட்டியை இழுத்து நடு அறையிலை போட்டுத் திறந்தா.

"எனக்கென்னப்பா தெரியும்? பக்கத்து அறைதானே, நீங்களே கேளுங்கோ. இப்ப உங்கடை பெட்டியைக் கொண்டு வாங்கோ. என்ரையிலை சரக்குத்தூளோடை இடம் முடிஞ்சுது."

கொண்டு வந்தன். என்ரை சேட்டுகளிலை பாதியை வெளியிலை எடுத்துப்போட்டு, வெள்ளைத் துணியிலை கட்டின பொதியளை அடுக்கினா. பெட்டி நிறைஞ்சு வீங்கிப்போச்சு. சிப் இழுபடேல்லை.

"மேலை ஏறி இருங்கோ" எண்டா.

ஏறி இருந்தன். சிப் பூட்டுப்பட்டுது. உள்ளுக்கை மச்சானுக்குக் கூழ் காய்ச்ச ஒடியல் மா. மேலை நான்.